நூறு விழுக்காட்டை நம்புமுன்: இயற்பியல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களுக்கு,

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு முடிவாகும் காலம் இது. குறைகடத்தி அரண்களில் எலக்ட்ரானின் ஸ்பின்னைச் சார்ந்த ஊடுருவல் என்ற தலைப்பை உங்களில் சிலர் எடுத்திருப்பீர்கள். சிலருக்கு வழிகாட்டியே எடுத்துக் கொடுத்திருப்பார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்தும் இந்தப் பொருளில் கணக்கீட்டுக் கட்டுரைகள் வருகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அணு அணுவாகப் படிகம் வளர்க்கும் கருவி கோடிகளில் விலை பேசும். திரவ ஹீலியத்துக்கு எந்தக் கல்லூரி பில் கொடுக்கும்? மடிக்கணினி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். இதில் குறைபட ஒன்றுமில்லை. இந்தத் துறையின் முக்கியமான கருத்துகள் பல, காகிதத்திலும் கணினியிலும்தான் முதலில் பிறந்தன.

நான் எழுத வந்தது ஒரே ஒரு வரைபடத்தைப் பற்றி. இந்தத் தலைப்பில் வரும் அறிக்கைகளில் அது தவறாமல் இருக்கும். கிடைமட்ட அச்சில் ஆற்றல், செங்குத்து அச்சில் ஊடுருவும் வாய்ப்பு. ஒரு ஸ்பின்னுக்கு ஒரு முகடு, எதிர் ஸ்பின்னுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு முகடு. பக்கத்திலேயே ஸ்பின் முனைவாக்கம் நூறு விழுக்காடு என்று காட்டும் இரண்டாம் படம். முடிவுரையில், "எனவே இவ்வமைப்பு ஸ்பின் வடிகட்டியாகப் பயன்படும்" என்ற வாக்கியம். படம் சரி, கணக்கும் பெரும்பாலும் சரி. முடிவுரை வாக்கியம்தான் சரியில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீண்ட மடல். பாடத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லாமல் அந்த இடத்துக்குப் போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊடுருவலை நீங்கள் படித்தது ஆல்ஃபா சிதைவுப் பாடத்தில். 1928-ல் காமோவ் ஒரு பக்கமும், கர்னியும் காண்டனும் இன்னொரு பக்கமுமாக, ஆற்றல் போதாத துகளும் அரணைக் கடந்து வெளியே வரும் என்று காட்டினார்கள். குறைகடத்திக்குள் அதைக் கண்ணெதிரே கொண்டுவந்தவர் லியோ எசாகி. 1957-ல் பிற்காலத்தில் சோனி என்று பெயர் பெற்ற நிறுவனத்தில், மிகுதியாக மாசேற்றிய ஜெர்மானியம் டையோடில் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் குறைவதை அவர் பார்த்தார். 1973-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: ஊடுருவும் வாய்ப்பு அரணின் அகலத்துக்கும், துகளின் நிறையின் வர்க்கமூலத்துக்கும் அடுக்குக்குறிச் சார்பாகக் குறைகிறது. நிறையில் சிறு மாற்றம் வந்தாலும் ஊடுருவலில் பெரிதாகத் தெரியும். பின்னால் எல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

காந்தம் இருந்தால் ஸ்பின்னைப் பிரிப்பது எளிது. 1975-ல் ஜூலியேர், இரும்புக்கும் கோபால்ட்டுக்கும் இடையே ஜெர்மானியப் படலம் வைத்து, 4.2 கெல்வினில் மின்தடை 14 விழுக்காடு மாறுவதைக் கண்டார். அதற்குப் பின் இருபது ஆண்டுகள் அந்தத் துறை ஏறத்தாழ உறங்கியது. 1995-ல் எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேராவின் குழுவும் ஜப்பானில் மியாசாகியின் குழுவும் அறை வெப்பநிலையிலேயே பத்து விழுக்காட்டுக்கு மேல் காட்டினார்கள். மூடேரா நம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? 2004-ல் மெக்னீசியம் ஆக்சைடு அரண்களில் அந்த எண் 200 விழுக்காட்டைத் தொட்டது. ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனையில் அது குடியேறியது. இவை எல்லாவற்றிலும் காந்தம் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பின்னைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் காந்தம் செய்கிறது, அரண் அதற்குத் துணை நிற்கிறது.

உங்கள் தலைப்பில் காந்தம் இல்லை. வெளியிலிருந்து காந்தப்புலமும் இல்லை. சாதாரணக் குறைகடத்தி அடுக்குகள் மட்டும். அப்படியிருந்தும் அரண் ஒரு ஸ்பின்னை எளிதாக விட்டு மற்றொன்றைச் சற்று அதிகம் தடுக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான். மின்புலத்தில் ஓடும் எலக்ட்ரானின் பார்வையில் அந்த மின்புலத்தின் ஒரு பகுதி காந்தப்புலமாகத் தெரிகிறது. அந்தக் காந்தப்புலம் அதன் ஸ்பின்னைப் பிடித்துத் திருப்புகிறது. ஸ்பின்–ஆர்பிட் பிணைப்பு என்பது இதுதான். வெற்றிடத்தில் இது மிகச் சிறியது. எலக்ட்ரானின் நிறை-ஆற்றலின் இருமடங்கை ஒட்டிய பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வகுக்கும் எண்ணாக வந்து அதை நசுக்கிவிடுகிறது. குறைகடத்தியில் அந்த இடத்தில் ஓர் எலக்ட்ரான் வோல்ட் அளவேயான ஆற்றல் இடைவெளி வந்து நிற்கிறது. விளைவு அத்தனை மடங்கு பெரிதாகிறது. அணு கனமாக ஆக இன்னும் கூடும்: இணைதிறன் பட்டையின் ஸ்பின்–ஆர்பிட் பிளவு சிலிக்கானில் 0.044 எலக்ட்ரான் வோல்ட், காலியம் ஆர்சனைடில் 0.34, இண்டியம் ஆன்டிமனைடில் ஏறத்தாழ 0.8.

இந்தக் காந்தப்புலத்துக்கு ஒரு குணம் உண்டு. அது எலக்ட்ரானின் திசைவேகத்தோடு பிறந்தது. எலக்ட்ரான் எதிர்த்திசையில் ஓடினால் புலமும் தலைகீழாகும். இதை இப்போது ஓரமாகக் குறித்து வையுங்கள்.

கன அணு மட்டும் போதாது, படிகத்துக்கு ஒருபக்கச் சாய்வும் வேண்டும். காலத்தைத் திருப்பினால், ஓர் உந்தத்தில் மேல் ஸ்பின்னுக்கு உள்ள ஆற்றல், எதிர் உந்தத்தில் கீழ் ஸ்பின்னுக்கும் இருந்தாக வேண்டும். படிகத்துக்கு மையச் சமச்சீர் இருந்தால், எதிர் உந்தத்தில் அதே ஸ்பின்னுக்கும் அதே ஆற்றல் இருந்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மேல், கீழ் ஸ்பின்களுக்கு இடையே ஆற்றல் வேறுபாடே வராது. சிலிக்கான் படிகத்துக்கு அந்த மையம் இருக்கிறது. இரண்டு அணுக்களின் நடுவே நின்று பார்த்தால் இருபுறமும் ஒன்றுதான். காலியம் ஆர்சனைடில் ஒருபுறம் காலியம், மறுபுறம் ஆர்சனிக். சமச்சீர் உடைந்துவிடுகிறது.

இதை 1955-ல் ஜீன் டிரெசல்ஹவுஸ் கணக்கிட்டார்: இத்தகைய படிகங்களின் கடத்துப் பட்டையில் ஸ்பின் பிளவு உந்தத்தின் மும்மடியாக வளர்கிறது. இன்னொரு வழி ராஷ்பாவின் பெயரால் வழங்குவது. கீவ் நகரில் பணியாற்றிய எம்மானுவேல் ராஷ்பா, ஷேகாவோடு சேர்ந்து 1959-ல் எழுதிய கட்டுரை ரஷ்ய மொழித் தொகுதி ஒன்றில் வெளியானது. அதன் ஆங்கில வடிவம் பரவலாகக் கிடைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984-ல் பிச்கோவும் அவரும் அதே எண்ணத்தை இருபரிமாண எலக்ட்ரான் படலத்துக்குப் பொருத்தினார்கள். இங்கே சாய்வு படிகத்தினுடையது அல்ல. அடுக்குகளை நாம் கட்டிய விதத்தினுடையது. ஆகவே நம் கையில் இருப்பது. 1997-ல் ஜப்பானில் நிட்டாவின் குழு, கேட் மின்னழுத்தத்தை மாற்றியே ராஷ்பா பிணைப்பின் வலிமையை மாற்றிக் காட்டியது.

இனி உங்கள் தலைப்புக்கு வருவோம். 1998-ல் தைவானின் சின்சூவிலிருந்து வோஸ்கோபோய்னிகோவ், லியு, லீ மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காந்தப்புலமே இல்லாமல் ஸ்பின் சார்ந்த ஊடுருவல் வரும் என்பது அதன் சாரம். இரண்டு குறைகடத்திகள் சந்திக்கும் எல்லையில் அலைச்சார்பைப் பொருத்தும் நிபந்தனையில் ஸ்பின் நுழைந்துவிடுகிறது. அரண் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் ஓர் எல்லையின் விளைவை மற்ற எல்லை அடித்துவிடும். இருபுறமும் வேறுபட்டால் மிச்சம் நிற்கும். அரணின் மீது மின்னழுத்தம் செலுத்தினாலும் சமச்சீர் குலைந்து மிச்சம் வரும்.

அப்படியானால் சமச்சீரான அரண் ஸ்பின்னைக் கவனிக்காதா? கவனிக்கும் என்று 2003-ல் பெரெல், தாராசென்கோ முதலியோர் எழுதினார்கள். பெரெல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் யோஃபே நிறுவனத்தவர். 1971-ல் தியாகோனோவோடு சேர்ந்து, பின்னாளில் ஸ்பின் ஹால் விளைவு எனப் பெயர் பெற்றதை முன்னறிவித்தவர். இவர்கள் எடுத்தது டிரெசல்ஹவுஸின் மும்மடி உறுப்பை. அரணுக்குள் எலக்ட்ரான் நெடுக்குத் திசையில் பயணிப்பதில்லை, தேய்கிறது. ஆகவே நெடுக்கு உந்தத்தின் இருமடி அங்கே எதிர்மறை எண், அதுவும் பெரிய எண். மும்மடி உறுப்பில் அந்த இருமடி ஒருபுறமும் பக்கவாட்டு உந்தம் ஒருபுறமும் பெருக்கலில் நிற்கின்றன. உற்றுப் பார்த்தால், நெடுக்கு உந்தத்தின் இருமடியை ஏற்கெனவே சுமந்து நிற்பது இயக்க ஆற்றல்தான். இந்தப் புதிய உறுப்பு அதோடு சேர்ந்துகொண்டு, எலக்ட்ரானின் பயனுறு நிறையை ஸ்பின்னுக்கு ஏற்பத் திருத்திவிடுகிறது. ஒரு ஸ்பின் சற்று லேசாகிறது, எதிர் ஸ்பின் சற்றுக் கனக்கிறது. அவ்வளவுதான் முழு ரகசியமும். இதைவிட நேர்த்தியான விளக்கத்தை இந்தத் துறையில் நான் படித்ததில்லை.

எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாள் போதும். காலியம் ஆன்டிமனைடு: பயனுறு நிறை எலக்ட்ரான் நிறையில் 0.041 பங்கு, டிரெசல்ஹவுஸ் மாறிலி 187 எலக்ட்ரான் வோல்ட்–கன ஆங்ஸ்ட்ராம் என்று அந்தக் கட்டுரையினரே எடுத்துக்கொண்டார்கள். அரணின் உயரம் 0.2 எலக்ட்ரான் வோல்ட், அகலம் 5 நானோமீட்டர், பக்கவாட்டு அலை எண் சென்டிமீட்டருக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைத் திருத்தம் ஒரு ஸ்பின்னுக்கு 4 விழுக்காடு ஏறும், மற்றதற்கு 4 விழுக்காடு இறங்கும். அடுக்குக்குறி அதை ஊதிப் பெருக்கி, ஒரு ஸ்பின் மற்றதைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு ஊடுருவும். முனைவாக்கம் 9 விழுக்காட்டை ஒட்டி வரும். அகலத்தை 10 நானோமீட்டராக்கினால் முனைவாக்கம் இரட்டிக்கும். ஆனால் ஊடுருவும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை நூறு மடங்கு விழுந்துவிடும். முனைவாக்கத்தைக் கூட்டினால் மின்னோட்டத்தில் இழக்கிறோம். இந்தப் பேரத்திலிருந்து ஒற்றை அரணுக்குத் தப்பிக்க வழியில்லை. இன்னொன்றையும் பாருங்கள். பக்கவாட்டு உந்தம் பூஜ்யம் என்றால், அதாவது எலக்ட்ரான் அரணை நேர்குத்தாக மோதினால், விளைவும் பூஜ்யம்.

பேரத்திலிருந்து தப்பிக்கத்தான் இரட்டை அரண். 1974-ல் சாங், எசாகி, சூ மூவரும் காலியம் ஆர்சனைடில் ஒத்ததிர்வு ஊடுருவலைக் காட்டியிருந்தார்கள்: இரண்டு அரண்களுக்கு நடுவிலுள்ள கிணற்றின் ஆற்றல் மட்டத்தோடு எலக்ட்ரானின் ஆற்றல் பொருந்தினால், இரு அரணும் இல்லாததுபோல் அது கடந்து போகும். ஸ்பின்–ஆர்பிட் பிணைப்பு அந்த மட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. அரண்களைத் தடிமனாக்கினால் முகடுகள் ஒல்லியாகும். பிளவு முகட்டின் அகலத்தைவிடப் பெரிதானதும் ஒரு முகட்டின் உச்சியில் ஒரு ஸ்பின் மட்டுமே கடக்கும். முனைவாக்கம் நூறைத் தொடும். 1999-ல் வோஸ்கோபோய்னிகோவ் குழுவும், அதே ஆண்டில் டி அந்த்ராதா இ சில்வாவும் லா ரோக்காவும் இந்தப் பாதையில் கணக்கிட்டார்கள். 2002-ல் கோகா, நிட்டா, தகாயனாகி, தத்தா நால்வரும் மூன்று அரண் கொண்ட டையோடு ஒன்றை முன்மொழிந்தார்கள். உங்கள் அறிக்கையின் படம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இப்போது ஓரமாகக் குறித்து வைத்ததை எடுங்கள். உங்கள் படம் எந்தப் பக்கவாட்டு உந்தத்துக்கு வரையப்பட்டது? ஒன்றே ஒன்றுக்கு. கணினி நிரலின் தலையில் அந்த எண்ணை நீங்கள்தான் எழுதினீர்கள். மெய்யான கருவிக்குள் அரணை நோக்கி வரும் எலக்ட்ரான்கள் எல்லாப் பக்கவாட்டுத் திசைகளிலும் சாய்ந்து வருகின்றன. கிழக்கே சாய்ந்து வருவது ஒன்று என்றால் மேற்கே சாய்ந்து வருவதும் ஒன்று. அடுக்குகளை அவை வளர்ந்த அச்சைச் சுற்றி அரைச்சுற்று திருப்புங்கள். வழக்கமான அச்சுத் திசையில் வளர்ந்த படிகத்துக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் கிழக்கு உந்தம் மேற்காகிவிட்டது. அடுக்கின் தளத்தில் படுத்திருக்கும் ஸ்பின்னும் எதிர்த்திசைக்குப் போய்விட்டது. ஆகவே கிழக்கே சாய்ந்த எலக்ட்ரான்களில் எந்த ஸ்பின் எளிதாகக் கடக்கிறதோ, மேற்கே சாய்ந்தவற்றில் அதன் எதிர் ஸ்பின்தான் அதே அளவு எளிதாகக் கடக்கும். எல்லாத் திசைகளையும் கூட்டுங்கள். மறுபக்கம் வந்து சேரும் மொத்த மின்னோட்டத்தின் ஸ்பின் முனைவாக்கம் பூஜ்யம். ஒரு கையால் கொடுத்ததை மறு கை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஒற்றைத் திசையில் நூறு விழுக்காடு என்றாலும் கூட்டினால் பூஜ்யம்தான்.

இதற்குக் காலத் திருப்பச் சமச்சீரே காரணம் என்று பலர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். வைவாவில் யாராவது துருவினால் மாட்டிக்கொள்வீர்கள். காலத்தைத் திருப்பினால் இடமிருந்து வலம் போன எலக்ட்ரான், வலமிருந்து இடம் வரும் எலக்ட்ரானாகிவிடும்; அது தரும் தொடர்பு வேறு. ஒரே திசையில் கடக்கும் கிழக்கையும் மேற்கையும் இணைப்பது அடுக்கின் அரைச்சுற்றுச் சமச்சீர். காலத் திருப்பம் தருவது இன்னொரு முடிவு: ஒரே ஒரு வழித்தடம் மட்டும் உள்ள இருமுனைக் கருவியில், காந்தம் இல்லாமல், முனைவாக்கமற்ற எலக்ட்ரான்களிலிருந்து ஸ்பின் முனைவாக்கம் எழவே எழாது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவரை எந்தத் தேர்வாளரும் மதிப்பார்.

மூலக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். வெளியே எடுக்க வழி தேடி அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நகல்களில்தான் அந்தப் பத்தி காணாமல் போகிறது. வழி என்ன? கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான சமநிலையைக் குலைக்க வேண்டும். அரணுக்கு இணையாக ஒரு பக்கவாட்டு மின்புலம் கொடுத்து எலக்ட்ரான் திரளையே ஒரு பக்கம் நகர்த்தலாம். எவ்வளவு கிடைக்கும்? மேலே போட்ட கணக்கையே நீட்டுங்கள். நாம் எடுத்த பக்கவாட்டு உந்தத்துக்கு எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு 560 கிலோமீட்டரை ஒட்டி வரும். பக்கவாட்டுப் புலத்தால் திரளுக்கு நொடிக்கு 10 கிலோமீட்டர் நகர்வு வேகம் கிடைத்தால், சமநிலைக் குலைவு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. 9 விழுக்காட்டில் அந்தப் பங்கு, ஆயிரத்தில் ஒன்றரை. ஒற்றை அரணில் மெய்யாகக் கைக்கு வரக்கூடிய முனைவாக்கத்தின் அளவு இது. ஒத்ததிர்வு அமைப்பில் இதைவிடப் பெரிதாக எடுக்கலாம். எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் ப்ராஜெக்ட்டாக இருக்க வேண்டும். இண்டியம் ஆர்சனைடு, காலியம் ஆன்டிமனைடு, அலுமினியம் ஆன்டிமனைடு அடுக்குகளில், இணைதிறன் பட்டை வழியே ஊடுருவும் வடிகட்டியை 2002-ல் டிங்கும் கார்தோய்ஷாவும் முன்மொழிந்தபோது பக்கவாட்டு மின்புலம் அந்தத் திட்டத்தின் உறுப்பாகவே இருந்தது.

நான் உங்களில் ஒருவனாக இருந்தால் வடிகட்டியை விட்டுவிட்டு எதிர்விளைவைத்தான் எடுப்பேன். 2004-ல் தாராசென்கோ, பெரெல், யாசியெவிச் மூவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ஏற்கெனவே ஸ்பின் முனைவாக்கம் உள்ள எலக்ட்ரான்களை அரணுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? கிழக்கே சாய்ந்தவை அதிகம் கடக்கும், மேற்கே சாய்ந்தவை குறைவாகக் கடக்கும். மறுபக்கத்தில் அரணுக்கு இணையாக ஒரு மின்னோட்டம் பிறக்கும். அதன் திசை ஸ்பின்னின் திசையைச் சொல்லிவிடும். இங்கே எதுவும் எதையும் அடித்துப்போடுவதில்லை. வட்டமுனைவுற்ற ஒளியைக் காலியம் ஆர்சனைடில் பாய்ச்சினாலே 50 விழுக்காடு வரை முனைவாக்கம் உள்ள எலக்ட்ரான்கள் கிளம்பும். ஸ்பின்னை உண்டாக்குவதைவிட ஸ்பின்னைக் கண்டறிவதற்கே அரண் பொருத்தமானது என்பது என் கருத்து.

ஆய்வகம் என்ன சொல்கிறது? 2004-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் கூல்ட் முதலியோர், மாங்கனீசு கலந்த காலியம் ஆர்சனைடை ஒற்றைக் காந்த அடுக்காக வைத்து, காந்தமாக்கத்தின் திசையைத் திருப்பும்போது ஊடுருவல் மின்தடை மாறுவதைக் கண்டார்கள். 2007-ல் ரேகன்ஸ்பர்க் குழு இரும்பு, காலியம் ஆர்சனைடு, தங்கம் என்ற அடுக்கில் அதையே பார்த்தது. மாற்றம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் செலுத்தும் மின்னழுத்தத்தை மாற்றியபோது அந்த மாற்றத்தின் குறியே தலைகீழானது. ராஷ்பா, டிரெசல்ஹவுஸ் இரண்டும் சேர்ந்து ஆடும் கணக்கோடு அது பொருந்தியது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அந்த எண், கணினித் திரையில் நான் பார்த்த எத்தனையோ நூறு விழுக்காடுகளைவிட எனக்கு மதிப்பாகப் படுகிறது.

இந்தத் துறையில் காத்திருப்பு நீளமானது. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த சுப்ரியோ தத்தா, பர்டியூவில் பிஸ்வஜித் தாஸோடு சேர்ந்து ஸ்பின் டிரான்சிஸ்டரை முன்மொழிந்தது 1990-ல். உலோகக் காந்தத்திலிருந்து குறைகடத்திக்குள் ஸ்பின்னை நேராகச் செலுத்த முடியாது, இரண்டின் கடத்துத்திறனும் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு கொண்டவை என்று 2000-ல் ஷ்மிட் முதலியோர் காட்டினார்கள். நடுவில் ஓர் ஊடுருவல் அரணை வைத்தால் அந்தச் சிக்கல் தீரும் என்று அதே ஆண்டில் எழுதியவர் நம் ராஷ்பாதான். கேட் மின்னழுத்தத்தால் ஸ்பின் சுழல்வதைத் தென்கொரியாவில் இண்டியம் ஆர்சனைடில் காட்டியது 2009-ல், அதுவும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில். பத்தொன்பது ஆண்டுகள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பின்–ஆர்பிட் வலுவாக உள்ள இண்டியம் ஆன்டிமனைடு நானோ கம்பியில் ஊடுருவல் கடத்துத்திறனை அளந்து, மயோரானா நிலையின் அடையாளம் கிடைத்ததாக நேச்சர் இதழில் 2018-ல் வந்த கட்டுரையை 2021-ல் அதன் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். முழுத் தரவையும் மற்றவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு நடந்தது அது. தேர்ந்தெடுத்த வரம்பில் மட்டும் வரைந்த படம் எத்தனை பெரிய இடத்திலும் அச்சேறிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது சில. நிரல் எழுத உட்காருமுன், சமச்சீர் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்று ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். எல்லை நிபந்தனையில் அலைச்சார்பின் சரிவை மட்டும் பொருத்திவிட்டு நகராதீர்கள். மின்னோட்டம் இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்; ஸ்பின்–ஆர்பிட் உறுப்பு அந்த நிபந்தனையை மாற்றிவிடும். எதிரொளித்ததும் ஊடுருவியதும் கூட்டினால் ஒன்று வரவில்லை என்றால் மேலே போகவே வேண்டாம். டிரெசல்ஹவுஸ் மாறிலியை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து வேதவாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். காலியம் ஆர்சனைடுக்கே, மேலே சொன்ன அதே அலகில், பழைய கட்டுரைகள் 25-ஐ ஒட்டியும், பின்னாளைய சில அளவீடுகள் 10-ஐ ஒட்டியும் சொல்கின்றன. இரண்டுக்கும் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஆற்றல் இடைவெளி குறுகிய இண்டியம் ஆன்டிமனைடில் பயனுறு நிறை ஆற்றலோடு மாறும்; மாறிலியாக வைத்தால் பிழை.

வெப்பநிலையை மறக்காதீர்கள். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். உங்கள் முகட்டின் அகலம் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. அந்தப் பரவலில் இரண்டு முகடுகளும் ஒன்றாக மூழ்கிப்போகும். "அறை வெப்பநிலையில் பயன்படும்" என்று எழுத உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் எழுதாதீர்கள். வழிகாட்டி எழுதச் சொன்னால் மரியாதையாக, "ஐயா, கணக்கைப் போட்டுவிட்டு எழுதலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழத்தான் செய்வார்கள்.

ஊடுருவும் வாய்ப்போடு நிறுத்திக்கொள்ளாமல் மின்னோட்டம் வரை போங்கள். எல்லாப் பக்கவாட்டுத் திசைகளையும், எல்லா ஆற்றல்களையும் கூட்டி வரும் மொத்த ஸ்பின் மின்னோட்டத்தை வரையுங்கள். அதை முகடுகள் உள்ள படத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவுகோலில், அறிக்கையில் வையுங்கள். பூஜ்யமாக வந்தால் பூஜ்யம் என்றே போடுங்கள். பக்கவாட்டுப் புலம் கொடுத்த பிறகு எவ்வளவு எழுகிறது என்பதை அடுத்த படமாகக் காட்டுங்கள். அந்த அடுத்த படம் இருக்கும் அறிக்கைகள் இன்னும் குறைவாகவே வருகின்றன. இந்த ஆண்டு உங்களிடமிருந்து வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்